சமாளிப்பம் என்று சொல்லாதவர்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு அந்தப் பெண்மணி முதன்முதலாக வந்தது ஒரு மோட்டரை விற்பதற்காக. விற்க வந்தவரே அதை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் என் கணவரும் ஸ்பிரிங் செய்கிறவர்கள். கட்டிலுக்கு, கதவுக்கு, வாகனத்துக்கு என்று யார் என்ன அளவு கேட்டாலும் செய்வோம். எங்களிடம் இருந்த பெரிய மெஷின், சுருளிலிருந்து வரும் கம்பியை இரண்டு உருளைகளால் பிடித்து முன்னே தள்ளும். தள்ளப்பட்ட கம்பி உருக்குத் துண்டொன்றில் முட்டி வளைந்து சுருளும். வேண்டிய நீளம் வந்ததும் கத்தி இறங்கும். எவ்வளவு கம்பி, எந்த வேகத்தில், எப்போது வெட்டுவது என்று கட்டளை கொடுப்பது கொன்ட்ரோலர். அந்தக் கட்டளைப்படி சுழல்வது மோட்டர். இந்த இரண்டையும் பொருத்துவதுதான் அந்தப் பெண்மணியின் தொழில்.

அன்று கம்பிச் சுருளைச் சுழற்றும் தாங்கிக்கு ஒரு புது மோட்டர் தேவைப்பட்டது. கொள்ளுப்பிட்டிக் கம்பனி ஒன்றிலிருந்து அதன் மெனேஜரும் அவரும் வந்திருந்தார்கள். மெனேஜர் ஒரு சேர்வோ மோட்டரின் படத்தைக் காட்டி, இதுதான் நவீனமானது, மெஷினில் இருப்பதும் சேர்வோதானே, எல்லாம் ஒரே இனமாக இருப்பது நல்லது என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் தலையாட்டிவிட்டார். அதுவரை கம்பிச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்மணி திரும்பி, இங்கே சேர்வோ தேவையில்லை என்றார். உருளைகள் எவ்வளவு சுற்றின என்று மெஷினுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும், அதனால் அங்கே சேர்வோ வேண்டும். சுருள் கம்பியை அவிழ்த்துக் கொடுத்தால் போதும். கூட்டிக் குறைக்க ஒரு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சாதாரண மோட்டரும் வைத்தால் பல வருடம் ஓடும்.

மெனேஜர் சிரிக்கப் பார்த்தார். சேர்வோவை வைத்தாலும் சமாளிக்கலாம்தானே என்றார்.

"சமாளிக்கலாம் எண்டு ஒரு மோட்டர் வகை இல்லை, சேர்" என்றார் அவர்.

சத்தம் போடவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். சில வாரங்களுக்குப் பிறகு அந்தக் கம்பனிக்குப் போன் எடுத்தபோது அவர் அங்கே இல்லை என்றார்கள். என் கணவர் எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்தார். அதன் பிறகு அவர் தனியாகத்தான் வேலை செய்தார். எங்கள் பட்டறையில் அவருக்கு மோட்டரக்கா என்று பெயர் விழுந்தது. அவர் அதைக் கேட்டும் கேளாதவர் போல இருப்பார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டில் தாயாரோடு இருந்தார். பஸ்ஸில்தான் வருவார். வந்ததும் கைவளையல்களைக் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்து என்னிடம் தருவார். பிறகு புறங்கையை மோட்டரின் மேல் வைத்துச் சூடு பார்ப்பார். அதன் பிறகுதான் என்ன பிரச்சினை என்று கேட்பார். நாங்கள் சொல்வதை முழுவதும் கேட்பார். கேட்டு முடித்து, மெஷின் என்ன சொல்கிறது என்று பார்க்கப் போவார். பிளேன்டீ கொடுத்தால் வேலை முடியுமட்டும் அது ஆறிக்கொண்டிருக்கும். ஆறியதைத்தான் குடிப்பார், புதிதாகப் போட்டுத் தரவும் விடமாட்டார்.

ஒருமுறை அவரோடு நுகேகொடைக்குச் சப்பாத்து வாங்கப் போனேன். பட்டறைகளில் நிற்பதால் முன்பக்கம் மூடிய சப்பாத்துத்தான் போடுவார். முதல் கடையில் ஒரு சோடி சற்று இறுக்கமாக இருந்தது. கடைப்பிள்ளை, நடக்க நடக்க இளகிவிடும் என்று சிங்களத்தில் சொன்னாள். அக்கா அவளை அன்பாகப் பார்த்து, இளகப்போவது சப்பாத்தா என் காலா என்று சிங்களத்திலேயே கேட்டார். அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே கடை கடையாக ஏறி இறங்கினோம். எனக்குக் கால் கடுத்தது. இருட்டுப்படும் நேரத்தில் அவர் பழைய சப்பாத்தோடுதான் பஸ் ஏறினார். நான் அன்று அவசரத்தில் வாங்கிய செருப்பு ஒரு வாரம் குதியைக் கடித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

இந்தக் குணம் எல்லா நேரமும் சிரிக்கக்கூடியதாக இருக்கவில்லை. அவருக்கு ஒரு கலியாணம் பேசி, இரண்டு வீட்டாரும் சந்தித்து, ஏறக்குறைய முற்றாகியிருந்ததாம். வேண்டாம் என்றது அவர்தான். எங்களுக்குப் பழக்கம் நெருங்கிய பிறகு ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"நல்ல மனுசன்" என்றார். "நான் கதைக்கேக்க எல்லாம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகப் போகச் சரிவரும் எண்டு எல்லாரும் சொன்னவை. போகப் போக நான் கதைக்கிறதை விட்டிருப்பன். அதைத்தான் அவையள் சரிவரும் எண்டு சொன்னது."

வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் தேத்தண்ணி போட உள்ளே போன நேரம், தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ரயில் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"இவளுக்கு எல்லாம் அச்சொட்டாய் இருக்கவேணும், பிள்ளை. மனுசர் அப்பிடி இல்லையே. நான் போனாப் பிறகு இவள் ஆரோட இருப்பாள்?"

அந்த அம்மா இறந்த பிறகு அக்கா வெள்ளவத்தை வீட்டைக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். அங்கே அரிசி ஆலைகளுக்கு மோட்டர் பார்க்கிறார் என்று கேள்வி. தங்கையின் பிள்ளைகளோடு நன்றாக ஒத்துப்போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். அந்த அம்மாவுக்கு அது தெரிய வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இறக்குமதி நின்றுபோன அந்த வருடம்தான். டொலர் இல்லை, டீசல் இல்லை, நாளுக்குப் பலமுறை கரண்ட் போகும், வரும். வரும்போது ஒரேயடியாக வரும். அப்படி ஒரு பகலில் கரண்ட் வந்தபோது பெரிய மெஷினின் கம்பி தள்ளும் சேர்வோ எரிந்துபோனது. பட்டறை முழுக்க வார்னிஷ் கருகிய மணம். புதிதாக எடுப்பதற்கு வழியே இல்லை. எங்கள் கையில் இருந்ததோ த்ரீவீலர் பிரேக் ஸ்பிரிங் ஓடர். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாருக்குக் கொடுக்க வேண்டும். வேறு வேலைகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. பட்டறையில் வேலை செய்த குடும்பங்கள் அத்தனையும் அந்த ஓடரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அக்கா அப்போது தாயாரோடு பொரளையில் ஆஸ்பத்திரியில் நின்றார். அவரைக் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை. என் கணவர் வேறொரு டெக்னீஷியனைப் பிடித்தார். அவர் எங்கிருந்தோ பெரிய ஸ்டெப்பர் மோட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். மெஷின் ஓடியது. ஸ்பிரிங் வந்து விழுந்தது. அன்று எல்லோரும் கைதட்டினோம். அந்த வாரம் பெட்டி பெட்டியாக ஹாஜியாருக்குப் போனது.

தாயாரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு, அக்கா கேள்விப்பட்டு வந்தார். அன்று அவர் வளையலைக் கழற்றவில்லை. மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெஷினை ஓட்டும், நாங்கள் நானா என்று அழைக்கும் மூத்த தொழிலாளியிடம் வேகத்தைச் சற்றுக் கூட்டச் சொன்னார். விழுந்த ஸ்பிரிங்குகளை ஒரு கை அள்ளி மேசையில் வரிசையாக நிறுத்தினார். அநேகமானவை ஒரே உயரம். இடையிடையே ஒன்று குட்டை. பார்த்ததும் தெரியக்கூடிய குட்டை இல்லை. பக்கத்தில் நிறுத்தினால்தான் தெரியும்.

ஏன் என்று அவர் சொன்னார். ஸ்டெப்பர் மோட்டர் கொன்ட்ரோலர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு அடியாகச் சுழலும். பாரம் கூடினாலோ வேகம் கூடினாலோ சில அடிகள் தவறும். தவறியது அதற்கும் தெரியாது, கொன்ட்ரோலருக்கும் தெரியாது. கம்பி குறைவாகத்தான் போயிருக்கும், ஆனால் கத்தி உரிய நேரத்தில் இறங்கிவிடும். சேர்வோவில் அப்படி நடக்காது. அது எவ்வளவு சுற்றியது என்பதைத் தானே அளந்துகொண்டிருக்கும். முடியவில்லை என்றால் எச்சரிக்கையாக அலாம் கொடுக்கும், மெஷின் நிற்கும்.

அப்படியானால், சரி என்ற செய்தி இந்த மோட்டரிலிருந்து வராதபோது கொன்ட்ரோலர் மெஷினை நிறுத்தியிருக்க வேண்டுமே என்று நான் கேட்டேன். அவர் மின்பெட்டியைத் திறந்து உள்ளே விரலால் காட்டினார். அலாம் வரவேண்டிய இடத்தில் சின்னத் துண்டு வயர் ஒன்று வளைத்துச் செருகப்பட்டிருந்தது. ஸ்டெப்பரில் அலாம் கொடுக்கும் வசதி இல்லை. அதனால் எல்லாம் சரி என்று எப்போதும் பொய் சொல்வதற்கு அந்தத் துண்டைப் போட்டிருந்தார்கள்.

அவர் மெஷினை நிற்பாட்டினார். மெயின் சுவிட்சையும் இறக்கினார். பட்டறை திடீரென்று அமைதியாகிவிட்டது. வெளியே கோயில் மணியும் மீன்காரனின் குரலும் கேட்டன.

என் கணவர் பொறுமையான மனிதர். அன்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்து ஓட்டலாம், ஒவ்வொன்றாக அளந்து பார்க்கலாம், இந்த மாதத்தைத் தாண்டினால் போதும், அதுவரை சமாளிப்பம் அக்கா, என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாடு முழுக்க அப்போது அந்த ஒரு சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சமையல் காஸுக்கு வரிசையில் நின்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். விறகில் சமைத்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

அக்கா குட்டையான ஸ்பிரிங் ஒன்றை எடுத்து அவருடைய கையில் வைத்தார்.

"தம்பி, இதின்ர நுனியிலதான் கொக்கி வளைக்கிறது. கம்பி குறைஞ்சால் கொக்கி குட்டை. குட்டைக் கொக்கி ஒருநாள் கழண்டு போகும். அண்டைக்கு அந்த த்ரீவீலில இருக்கிறவன் என்னெண்டு சமாளிப்பான்?"

கணவர் கையை மூடவும் இல்லை, அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மெஷின் ஓட்டும் நானா வெளியே போய் நின்றார். அவருடைய மகன் ஓட்டுவது த்ரீவீலர் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைக்குப் போய்விட்ட பெட்டிகளைப் பற்றி அக்கா ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதைக் கேட்டது நான்தான். இவ்வளவு நாளும் போனதிலும் குட்டை இருக்குமா என்றேன். இருக்கும் என்றார். அப்படியானால் நான் ஹாஜியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழும்பினேன். என் கணவர், ஓடர் போய்விடும் என்று மட்டும் சொன்னார், தடுக்கவில்லை. அக்கா குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

பஞ்சிகாவத்தையில் கடைக்கு முன்னால் பழைய பொனட்டுகளும் கதவுகளும் குவிந்து கிடந்தன. ஹாஜியார் எங்களை இருத்தி, முதலில் குடிக்க ஏதாவது எடுங்கள் என்றார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மோட்டர் எரிந்தது, வேறொன்றைப் பூட்டியது, இடையிடையே குட்டை விழுந்தது, இந்த வாரம் வந்த பெட்டிகளை விற்க வேண்டாம். சொல்லி முடிக்குமட்டும் அவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க வந்து சொல்லாட்டி எனக்கு இது தெரிஞ்சிரிக்காது, மகள்" என்றார்.

நான் பேசுவதற்குள் அக்கா சொன்னார்:

"தெரிஞ்சிருக்கும், ஹாஜியார். ஆரோ ஒருத்தன் பேஸ்லைன் ரோட்டில பிரேக்கை மிதிச்சாப் பிறகு தெரிஞ்சிருக்கும்."

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். ஹாஜியார் பின்பக்கம் திரும்பி, அடுக்குத் தட்டில் இருந்த எங்கள் பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொன்னார். கராஜ்களுக்குப் போயிருந்தவற்றுக்குத் தானே ஒவ்வொருவராகப் போன் எடுத்தார், சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி. ஸ்பிரிங்கை ஏற்கெனவே பூட்டிவிட்ட ஒரு கராஜ்காரரிடம் அந்த வண்டியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி உரக்கப் பேசினார். ஓடரைப் பற்றிக் கேட்டதற்கு, பாதியை வேறு ஆளிடம் கொடுக்கத்தான் வேண்டிவரும், மீதிக்குக் காத்திருப்பேன் என்றார். நியாயமான பேச்சு. திரும்பி வரும் வழியில் அக்கா என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டார். அவரிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

அதன் பிறகு மோட்டர் தேடும் படலம். முதலில் கிடைத்தது ஒரு பழைய சேர்வோ. என் கணவர் சந்தோஷத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா பூட்டிப் பார்த்தார். உருளைகள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நடுங்கின. அந்த மோட்டரின் உள்தண்டு மெல்லியது, எங்கள் உருளைகளோ பாரம். மெல்லிய ஆளின் கையில் பெரிய பாரத்தைக் கொடுத்து ஓடு நில் என்று சொன்னால் தள்ளாடுவது போலத்தான் என்றார். காலையிலிருந்து பின்னேரம்வரை அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் நடுக்கம் வெளியே தெரியாத அளவுக்கு வந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் புறங்கையை மோட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, கழற்றுங்கள் என்றார். நடுக்கம் போகவில்லை, மறைந்துதான் இருக்கிறது, சூடு சொல்கிறது என்றார். என் கணவர் அன்று என்னை விட்டுவிட்டே வீட்டுக்குப் போனார். நானும் உள்ளுக்குள் அக்காவைத் திட்டினேன். சம்பளம் கேட்டு வரப்போகிறவர்களின் முகம் எனக்கு முன்னால் நின்றது.

இரண்டாவது மோட்டரை அவரே தேடிக்கொண்டு வந்தார். பேலியகொடையில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையில், பொதி செய்யும் மெஷினில் இருந்ததாம். அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர் கழற்றத் தந்திருந்தார். தண்டு தடித்தது, எங்கள் உருளைக்கு ஏற்றது. ஆனால் எங்கள் கொன்ட்ரோலர் அனுப்பும் மின்துடிப்பின் அளவு வேறு, அந்த மோட்டரை இயக்கும் பெட்டி ஏற்கும் அளவு வேறு. நேரே தொடுத்தால் பெட்டி எரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே வைக்க ஒரு சின்ன மின்சுற்றுக் கார்ட்டைத் தானே செய்து கொண்டுவந்திருந்தார். எத்தனை துடிப்புக்கு ஒரு சுற்று என்று கணக்குப் போட்டுப் பதிந்தார். அலாம் வயரை அதற்குரிய இடத்தில் தொடுத்தார். பிறகு ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கம்பியை வேண்டுமென்றே கட்டையால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நானா தயங்கித் தயங்கிப் பிடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் நின்றது.

எங்கள் பட்டறையில் ஒரு மெஷின் நின்றதற்கு எல்லோரும் சிரித்தது அன்றுதான். என் கணவரும் சிரித்தார். அதற்குப் பிறகு விழுந்த ஸ்பிரிங்குகள் மேசையில் ஒரே உயரமாக நின்றன. ஹாஜியாரிடம் மீதி ஓடரைக் கொடுத்தோம். மற்றப் பாதியும் சில மாதங்களில் எங்களிடமே திரும்பி வந்தது.

நிலைமை சீரான பிறகு நாங்கள் இன்னொரு மெஷின் எடுத்தோம். அப்போது என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. அக்கா பஸ்ஸில் ஏறி இறங்கி ஊரெல்லாம் அலைகிறார், எங்களோடு பங்காளியாகச் சேர்ந்துவிட்டால் என்ன என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். கணவரே கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு அவர் விஷயத்தை மெதுவாக எடுத்தார். இவ்வளவு பங்கு, இன்ன பொறுப்பு, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் பட்டறை பார்க்கும், என்று யோசித்து வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னார். இதைவிட நல்ல ஒழுங்கு யாரும் அவருக்குத் தந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தார். கண் கலங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என்றாலும் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"வேண்டாம், தம்பி. பங்கு எடுத்தால் இது என்ர பட்டறை ஆகிடும். என்ர பட்டறையில மெஷினை நிப்பாட்ட எனக்கு மனம் வராது."

நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன். நான் திரும்பி வந்தபோது இருவரும் ஆஸ்பத்திரியைப் பற்றியோ மீனின் விலையைப் பற்றியோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சூடாகவே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தாயாருக்கு மருந்து கொடுக்கும் நேரம் என்று புறப்பட்டார். கணவர் பஸ்வரை கூடப் போனார்.

திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இனி இந்த மெஷின்ல அவ சரியெண்டு சொன்னால், நான் அளந்து பார்க்கமாட்டன்."